மல்லிகா என்னும் பெயரும் பொருளிழந்த பெயர்களும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து கண்டி வீதி வழியே புறப்படுவோர் நகரின் நெரிசலைக் கடந்ததும் எதிர்ப்படும் ஊர்களுள் ஒன்று பாலையூற்று. லூர்து அன்னை ஆலயத்தால் பலரும் அறிந்த ஊர் அது. அவ்வூர்ப் பெயரின் பொருளை அறிதற்கு எவரும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. பாலை மரம் நின்ற இடத்தில் ஊற்று இருந்தது. அல்லது ஊற்று இருந்த இடத்தில் பாலை மரம் நின்றது. வழிநடையாளன் இளைப்பாறுதற்கு நிழலும் பருகுதற்கு நீரும் ஆங்குக் கிடைத்தன. பெயரிட்டவர் புலவருமல்லர், சோதிடருமல்லர். கண்முன் நின்றதை வாயால் சொன்னவர்; சொன்னது நிலைத்தது.

இலங்கையின் உலர்வலயக் காடுகளில் ஏனைய மரங்களுக்கு மேலாக முடி உயர்த்தி நிற்பது பாலை. தமிழ்நாட்டார் இதனை உலக்கைப்பாலை என்பர். சிங்களவர் 'பலு' என்பர். நீரில் மிதவாது அமிழும் அத்துணை வைரமுடையது இம்மரம். இதன் சிறிய மஞ்சட் பழங்களை உண்டோரின் உதடுகளில் பால் பிசுபிசுக்கும். ஐந்திணையுள் ஒன்றுக்குப் பெயர் தந்த பாலை இதுவோ, வெட்பாலையோ, ஏழிலைப்பாலையோ என்பது ஆராய்ச்சிக்குரியது. ஆயினும் நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் போருக்கும் செடிகொடிகளின் பெயரையே இட்ட ஒரு மொழியின் மக்கள், தாம் குடியேறிய ஊருக்கும் ஒரு மரத்தின் பெயரை இட்டனர் என்பதில் ஐயமில்லை. பாலையூற்று மட்டுமன்றித் திருகோணமலை மாவட்டத்தின் ஆலங்கேணியும் ஈச்சந்தீவும் இலுப்பைக்குளமும், அதற்கப்பால் முல்லைத்தீவும் புளியங்குளமும் மருதமுனையும் இம்மரபின் சாட்சிகளாம்.

ஊர்ப்பெயர் ஒரு சாட்சியம் என்பதை ஈழத்தமிழர் நன்கு அறிவர். முதலிக்குளம் 'மொறவெவ' என வழங்கலான போதும், 1988ஆம் ஆண்டில் மணலாறு 'வெலிஓயா' ஆக்கப்பட்ட போதும் தமிழரிடையே எழுந்த கண்டனம் நியாயமானது. ஒரு பெயர் அழியும்போது அதனோடு அங்கு வாழ்ந்தோரின் நினைவும் அழிகின்றது என்று மேடைகளில் முழங்கினர், பத்திரிகைகளில் எழுதினர். அவ்வாறு முழங்கியோரின் இல்லங்களிலே பிறக்கும் குழந்தைகளுக்கு இன்று சூட்டப்படும் பெயர்கள் எவை? டினோஜன், டிலக்சன், கபிஷன், யதுர்ஷிகா என நீளும் அப்பட்டியலில் உள்ள ஒரு பெயருக்கேனும் அதனைச் சூட்டிய தந்தை பொருள் கூற வல்லரோ? பிறர் மாற்றிய ஊர்ப்பெயருக்காகக் கண்ணீர் வடிக்கும் சமூகம், தன் கையாலேயே தன் மக்கட்பெயர்களைப் பொருளற்ற ஓசைகளாக மாற்றி வருகின்றது. இம்முரண்பாட்டை எடுத்துக் காட்டுவதற்கு ஒரேயொரு பெயரின் வரலாறு போதுமானது. அப்பெயர் மல்லிகா.

இன்று அறுபது, எழுபது வயதினரான பெண்களிடையே மல்லிகா என்னும் பெயர் பரவலாகக் காணப்படுகின்றது. அவர்களின் பேத்தியரிடையே அதனைக் காண்டல் அரிது. ஒரு தலைமுறை விரும்பிச் சூட்டிய பெயரை மறு தலைமுறை 'பழைய பெயர்' என ஒதுக்குதல் உலக வழக்கே. அதனைக் குறை கூறுவார் எவருமிலர். ஒதுக்கப்பட்ட பெயரின் இடத்தில் எது அமர்த்தப்பட்டது என்பதே வினா. மல்லிகா சென்ற இடத்தில் முல்லையோ குவளையோ கொன்றையோ வந்திருப்பின் இவ்விவாதத்திற்கு இடமேயில்லை.

மல்லிகா என்பதன் பொருள் மல்லிகைப் பூ. மணம் மிக்க குண்டுமல்லிகையைத் தாவரவியலார் 'யாஸ்மினம் சம்பக்' என்பர். 1753இல் லின்னேயஸ் வேறோர் இனத்துள் அடக்கிய இச்செடியை, 1789இல் எய்ற்றன் மல்லிகை இனத்துள் சேர்த்தார். பிலிப்பைன்ஸ் நாடு 1934இல் இதனைத் தன் தேசிய மலராக்கியது. இந்தோனேசியாவும் இதனைத் தன் தேசிய மலர்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. மதுரை மல்லிகைக்கு 2013இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மாலையில் கட்டவிழ்ந்து இரவெல்லாம் மணந்து காலையில் வாடும் இப்பூ, ஆசியாவின் பெரும்பகுதி மக்களின் கூந்தலிலும் கோயிலிலும் இடம்பெற்ற ஒன்று.

சொல்லின் வரலாறு பூவின் வரலாற்றினும் சுவையானது. தமிழில் பூவுக்கு மல்லிகை என்பது பெயர்; பெண்ணுக்கு மல்லிகா என்பது பெயர். வடமொழியின் ஆகார ஈறு தமிழில் ஐகாரமாகத் திரியும் என்னும் நன்னூலார் விதிப்படி மாலா மாலையாயிற்று, சீதா சீதையானாள். அதே நெறியில் மல்லிகை பூவாயிற்று. பெண்ணின் பெயரில் மட்டும் ஆகாரம் அப்படியே தங்கிற்று. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்ததா, தென்னாட்டிலிருந்து வடமொழிக்குச் சென்றதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிலப்பதிகாரம் அறிந்த பூ மல்லிகை என்ற அளவில் இங்கு அமைதி கொள்ளலாம்.

பௌத்தர்க்கும் இப்பெயர் உரியது. கோசல நாட்டு மன்னன் பசேனதியின் பட்டத்தரசி மல்லிகா. சாவத்தி நகரத்து மாலைகட்டி ஒருவரின் மகள். அவள் பெண்மகவு ஈன்றாள் எனக் கேட்டு அரசன் மனஞ்சோர்ந்த வேளை, பெண் ஆணினும் சிறந்தவளாக விளங்குதல் கூடும் எனப் புத்தர் அவனுக்கு அறிவுறுத்தினார் என்று சங்யுத்த நிகாயம் கூறுகின்றது. அவ்வரசியின் பெயரைச் சிங்கள பௌத்தர் தம் பெண்மக்களுக்கு விரும்பிச் சூட்டினர். சிங்கள பௌத்த மறுமலர்ச்சியின் முன்னோடியாகிய அநகாரிக தர்மபாலரை ஈன்ற அன்னையின் பெயரும் மல்லிகா என்பது ஈண்டு நினைந்து நோக்கற்பாலது. தம் மகனின் கொள்கைகளுக்கு அஞ்சிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் பெண்களோடு அவ்வன்னை ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டார்.

இனி யாஸ்மின் என்னும் பெயரை நோக்குவோம் எனின், பாரசீகத்தில் தோன்றி அரபு மொழியில் நிலைபெற்ற அச்சொல்லின் பொருளும் மல்லிகையே. அரபிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் சென்று ஜாஸ்மின் ஆனதும் அதே சொல். ஆகவே மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு முஸ்லிம் தாய் தன் மகளை யாஸ்மின் என அழைக்கும்போதும், பாலையூற்றில் ஒரு கத்தோலிக்கத் தாய் தன் மகளை ஜாஸ்மின் என அழைக்கும்போதும், நகரில் ஒரு சைவத் தாய் மல்லிகா என அழைக்கும்போதும், அயலில் ஒரு சிங்களத் தாய் அதே மல்லிகா என அழைக்கும்போதும் நால்வரும் ஒரே பூவையே அழைக்கின்றனர். இவற்றோடு மாலதியையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். பவபூதியின் 'மாலதீமாதவம்' நாடகத் தலைவிக்குரிய அப்பெயரும் மல்லிகை வகையொன்றைக் குறிப்பதே. இந்தோனேசியாவில் பெண்களுக்கு இடப்படும் 'மெலாத்தி' என்னும் பெயர் அதன் திரிபாகும். சிங்களத்தில் மல்லிகையினப் பூ 'பிச்ச' எனப்படும். தமிழின் 'பிச்சி'யை அது நினைவூட்டுகின்றது.

ஒரு துறைமுகப் பட்டினத்துக்கு இதனினும் பொருத்தமான பெயர்க்குடும்பம் ஏதுமில்லை. கப்பலேறி வந்த சொற்களும் காட்டுவழி வந்த சொற்களும் ஒரே முற்றத்தில் ஒரே மணத்தோடு பூத்து நின்றன. அம்முற்றத்தை வெறுமையாக்கியது எது?

முதற்காரணம் நட்சத்திர எழுத்து. 27 நட்சத்திரங்களுக்கும் பாதத்திற்கு ஒன்றாக 108 எழுத்துகளைச் சோதிட நூலார் வகுத்துள்ளனர். குழந்தை பிறந்த பாதத்திற்குரிய எழுத்திலேயே பெயர் தொடங்க வேண்டும் என்பது விதி. இவ்வெழுத்துகள் தமிழ் நெடுங்கணக்கை நோக்கி வகுக்கப்பட்டவையல்ல. பூர நட்சத்திரத்தின் நான்கு பாதங்களுள் மூன்றுக்கு டா, டீ, டூ என்பன எழுத்துகளாம். உத்தரத்தின் முதலிரு பாதங்களுக்கு டே, டோ என்பனவாம். டகரம் சொல்லுக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பிய விதி. ஆகவே தமிழில் இல்லாத முதலெழுத்தைக் கொண்டு பெயரைத் தேடும் பெற்றோர், தேடிக் கிடைக்காத இடத்து ஒன்றைப் புனைகின்றனர். டினோஜன்களும் டிலக்சன்களும் பெருகியமைக்குரிய இரகசியங்களுள் ஒன்று இதுவே. மகத்தின் முதற்பாதத்தில் பிறந்தாலன்றி மல்லிகா என்னும் பெயருக்கு வாய்ப்பில்லை என்றால், முன்னைத் தலைமுறையில் அத்துணை மல்லிகாக்களும் மகத்தின் முதற்பாதத்திலேயே பிறந்தார்களா? அன்றைய பெற்றோர் எழுத்தைச் சாதகக் குறிப்பில் எழுதிவைத்தனர். அழைக்கும் பெயரை அன்பின் வழித் தேர்ந்தனர்.

இரண்டாவது காரணம் எண்சோதிடம். இது நட்சத்திர எழுத்தினும் விந்தையானது. கெய்ரோ என்ற புனைபெயரால் அறியப்பட்ட அயர்லாந்துக்காரர் பரப்பிய முறையில் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண்கள் தரப்பட்டுள்ளன. எம் என்பதற்கு 4, ஏ என்பதற்கு 1, எல் என்பதற்கு 3, ஐ என்பதற்கு 1, கே என்பதற்கு 2. இரண்டு எல் எழுத்துகளுடன் மல்லிகாவை எழுதினால் கூட்டுத்தொகை 15. ஓர் எல்லை நீக்கி எழுதினால் 12. பெயர் மாறவில்லை, ஒலி மாறவில்லை, தமிழில் எழுதும் வடிவமும் மாறவில்லை, பூவும் மாறவில்லை. ஆயினும் ஆங்கிலத்தில் ஓரெழுத்துக் குறைந்தமையால் அப்பெண்ணின் வாழ்வு முழுவதும் மாறிவிடுமாம்! தமிழ்க் குழந்தையின் தலைவிதியை ஆங்கில நெடுங்கணக்கு தீர்மானிக்கின்றது என நம்புவோர், மறுபுறம் தாய்மொழிப் பற்றைப் பற்றிப் பேசுவது நகைப்புக்கிடமானது. கணக்குச் சரிவரும் வரை எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் ஈற்றில் எஞ்சும் ஓசையைப் பிறப்புப் பதிவாளரிடம் கொடுக்கின்றனர். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் அவ்வோசை அரச ஏட்டில் ஏறி, அக்குழந்தையின் ஆயுட்காலத் துணையாகிவிடுகின்றது.

'பெயர் பெற்றோரின் உரிமை, காதுக்கு இனிதாயிருந்தாற் போதும், பொருள் எதற்கு?' என வினவுவோர் உளர். உரிமை உண்டு என்பதில் தடையில்லை. ஆனால் அவ்வுரிமையைப் பெற்றோர் உண்மையிலேயே பயன்படுத்துகின்றனரா என்பதே கேள்வி. முதலெழுத்தைச் சோதிடர் தருகின்றார். கூட்டுத்தொகையை எண்கணிதர் தருகின்றார். ஈற்றோசையை அயல்வீட்டுப் பிள்ளையின் பெயர் தருகின்றது. எஞ்சிய நடுவெழுத்து ஒன்றிலேதான் பெற்றோரின் உரிமை அடங்கியிருக்கின்றது! புதுமை வேண்டும் எனத் தொடங்கி, எல்லாப் பிள்ளைகளும் ஷன் என்றும் ஷிகா என்றும் முடியும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றனர். வகுப்பறையில் ஆசிரியர் வரவு இடாப்பை வாசிக்கும்போது ஒருவரையொருவர் வேறுபடுத்த இயலாத அளவுக்கு இப்புதுமை பழமைப்பட்டுவிட்டது. காதுக்கு இனிமையே அளவுகோல் எனின், முல்லை என்பதில் எவ்வினிமை குறைந்தது? குவளை என்பதில் எது கரகரக்கின்றது?

இன்னொரு வாதம் உண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1983 ஆடிக் கலவரத்தில் பெயரே உயிருக்கு உலையாயிற்று. அதன் பின் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிய ஒவ்வொரு தமிழனும் தமிழச்சியும் தம் பெயர் வாசிக்கப்படும் கணத்தில் நெஞ்சம் துடித்து நின்றனர். இன்ன இனத்தார் என எளிதில் கண்டுகொள்ள இயலாத பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவதே காப்பு எனப் பல பெற்றோர் கருதினர். அவ்வச்சத்தில் பிறந்த பெயரை எள்ளி நகையாடும் தகுதி எவருக்கும் இல்லை. தாயின் அச்சம் அன்பின் மறுவடிவம். அப்பெயர்களைத் தாங்கி நிற்கும் இளைஞர் எவரும் தம் பெயருக்காக நாணவும் வேண்டியதில்லை; பெயர் சூட்டியவரைப் பற்றியதே இக்கண்டனம், சூட்டப்பட்டவரைப் பற்றியதன்று.

ஆயினும் இவ்வாதத்தினுள்ளேயே அதற்குரிய விடையும் இருக்கின்றது. இனங்கடந்து வழங்கும் பெயர் வேண்டும் எனின், மல்லிகாவினும் மேலான பெயர் எது? அது தமிழர்க்கும் உரியது, சிங்களவர்க்கும் உரியது, யாஸ்மின் என முஸ்லிம்களுக்கும் ஜாஸ்மின் எனக் கிறித்தவர்க்கும் உரியது. ஒளித்து வைப்பதனால் பொதுவானதன்று அப்பெயர், பகிர்ந்துகொள்வதனால் பொதுவானது. டகரத்தில் தொடங்கிப் பொருளின்றி முடியும் பெயர் ஒருவரின் அடையாளத்தை மறைக்கலாம். இருவரை இணைக்க அதனால் இயலாது. மல்லிகா என்னும் பெயர் இணைக்கவல்லது. இணைத்தவாறு இருந்தும் கலவரத்தை அது தடுத்ததா எனக் கேட்கலாம். தடுக்கவில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, யாஸ்மினும் மல்லிகாவும் ஒரே பூ என்பதை நினைந்து பார்த்தவர் மிகச் சிலரே. 2019இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்பும் பெயரைக் கேட்டவுடன் முகம் சுளித்தோர் எல்லா இனத்திலும் இருந்தனர். பொருள் தெரியாமற் பெயரை ஓசையாக மட்டும் கேட்கும் பழக்கம் எத்துணை ஆபத்தானது என்பதற்கு இவை சான்றுகள். ஓசை அந்நியமாகப் படும். பொருள் அறிந்தால் உறவு தெரியும்.

அடுத்து, தூய்மைவாதியர். 1916இல் மறைமலையடிகள் தொடக்கிய தனித்தமிழ் இயக்கம் தமிழர் பெயர்களுக்கு ஆற்றிய பணி பெரிது. வேதாசலம் மறைமலை ஆனார். அவர் வழியில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். மலர்விழியும் பூங்கோதையும் தாமரைச்செல்வியும் அவ்வெழுச்சியின் கொடைகள். அவ்வியக்கம் பெயருக்குப் பொருள் வேண்டும் என்றது. பொருள் தாங்குவோர்க்கு விளங்கும் மொழியில் வேண்டும் என்றது. இவ்விரு கோரிக்கைகளும் இன்றும் செல்லுபடியாவன. ஆனால் அவர் வழிவந்தோருள் சிலர், மல்லிகாவை வடசொல் எனவும் ஜாஸ்மினைப் பிறசொல் எனவும் கூறி வாயிலில் நிறுத்துகின்றனர். மல்லிகா என்ற பெயரைக் கேட்டவுடன் பூவின் மணத்தை உணராத தமிழர் உளரோ? பொருள் விளங்கும் சொல்லைத் துரத்துவதில் செலவிடும் ஆற்றலைப் பொருளே இல்லாத ஓசையை எதிர்ப்பதில் செலவிட்டிருப்பின் இன்றைய நிலை நேர்ந்திராது. விருந்தினரை விரட்டிக்கொண்டிருந்த வேளையில் வீடே வெறுமையாயிற்று. மல்லிகா எனச் சூட்ட விரும்பாதோர் மல்லிகை எனச் சூட்டட்டும்; முல்லை எனச் சூட்டட்டும். இரண்டும் ஒரு பந்தலின் கொடிகள்.

பூவின் பெயரைப் பெண்ணுக்கு இடுவதே அடிமைத்தனம் என வாதிடுவோரையும் எதிர்கொள்ளல் வேண்டும். பெண்ணை மென்மையானவள், பிறர் சூடுதற்குரியவள், மாலையில் மலர்ந்து காலையில் எறியப்படுபவள் எனக் கருதும் மனப்பான்மையே இத்தகைய பெயர்களின் அடியில் உள்ளது என்பது அவர் கூற்று. இக்கூற்றில் உண்மை உண்டு. ஆணுக்கு மலர்ப்பெயர் இடும்போது கமலநாதன் என்றும் புஷ்பராசா என்றும் அவனை மலருக்குத் தலைவனாக்கினர். பெண்ணை மட்டும் மலராகவே விட்டனர். ஆனால் இப்பிழை பூவினுடையதன்று, பிற்காலத்தவருடையது. சங்க காலத்தில் வெட்சியும் வஞ்சியும் உழிஞையும் தும்பையும் வாகையும் வீரர் சூடியவை. பனம்பூவும் ஆத்தியும் வேம்பும் மூவேந்தரின் முடியில் இருந்தவை. மாங்குடி மருதனார் என்றும் வெள்ளெருக்கிலையார் என்றும் புலவர் பெயர்பெற்றனர். சேர அரசர் ஒருவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ என்றே இன்றும் அறியப்படுகின்றார். ஒல்லையூர்ச் சாத்தன் மாண்ட துயரைப் பாடிய குடவாயிற் கீரத்தனார், முல்லை பூத்தும் அதனைச் சூடுவோர் இல்லை எனக் கூறுமிடத்து ஆடவரையும் மகளிரையும் ஒருங்கே கூறுகின்றார். ஆண்கள் பூவைக் கைவிட்ட பின்னரே பூ பெண்மையின் குறியாகச் சுருங்கிற்று. ஆதலின் வேண்டுவது பெண்ணிடமிருந்து மலரைப் பறிப்பதன்று. ஆணுக்கும் அதனைத் திருப்பிக் கொடுப்பது. மருதன் என்றும் வேம்பன் என்றும் மகனுக்குப் பெயரிடத் துணியும் தந்தையே மகளுக்கு மல்லிகா எனப் பெயரிடும் முழுத் தகுதியுடையவர்.

இங்கே தமிழ்ச் சமூகம் விடை கூற வேண்டிய கொடிய வினா ஒன்று உண்டு. பெண்ணுக்கு மல்லிகா எனப் பெயரிட்ட அதே சமூகம், அப்பெண் கணவனை இழந்த மறுநாள் அவள் கூந்தலிலிருந்து மல்லிகையைப் பறிக்கின்றது. பெயரில் பூ இருக்கலாம், தலையில் இருக்கலாகாதாம். முப்பதாண்டுப் போர் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரமாயிரம் பெண்களைத் துணையிழந்தோராக்கிச் சென்றது. அவர்களுள் எத்தனை மல்லிகாக்கள், எத்தனை மாலதிகள், எத்தனை புஷ்பங்கள்! தம் பெயரையே தம்மால் அணிய இயலாத நிலையில் அவர்கள் கலியாண வீடுகளின் பின்வாயிலில் நிற்கின்றனர். தமிழ்ப் பெயர் காப்போம் எனக் கூறுவோர் முதலில் இக்கொடுமையை ஒழிக்கட்டும். பெயருக்குப் பொருள் வேண்டும் என்பதன் பொருள், அப்பொருளை வாழ்வதற்குரிய உரிமையும் வேண்டும் என்பதே.

பெயரும் உரிமையும் பிரிக்க முடியாதவை என்பதை யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பால் ஒடுக்கப்பட்டோர் நன்கு உணர்ந்திருந்தனர். கந்தசாமி என்றும் வள்ளியம்மை என்றும் முழுப்பெயர் தாங்கும் மதிப்பு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. கந்தன், வள்ளி எனச் சுருங்கிய வடிவங்களே விடப்பட்டன. ஒருவரின் பெயரைக் குறைத்தால் அவரையே குறைக்கலாம் என ஆதிக்கம் செய்தோர் கருதினர். அத்தகைய ஒடுக்குமுறையின் நடுவே வளர்ந்து, முடிதிருத்தும் தொழிலகத்திலிருந்து இலக்கியப் பணியாற்றிய டொமினிக் ஜீவா, 1966இல் தாம் தொடக்கிய சஞ்சிகைக்கு மல்லிகை எனப் பெயரிட்டார். கத்தோலிக்கப் பெயர் தாங்கிய ஓர் ஈழத்து எழுத்தாளர் தேர்ந்த அப்பூவின் பெயரில் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சாதி, மத, பிரதேச வேறுபாடின்றி எழுதுவோர் ஒன்றுகூடினர். சிங்களப் படைப்புகளின் தமிழாக்கங்களும் அதில் இடம்பெற்றன. பொருளுள்ள ஒரு பெயர் என்ன செய்ய வல்லது என்பதற்கு ஈழத்து இலக்கிய வரலாற்றில் இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பொருளுள்ள பெயரைச் சூட்டும் உரிமைக்காக ஒரு தலைமுறை போராடியது. அவ்வுரிமை கைவந்த தலைமுறை அதனைச் சோதிடரின் மேசையிலும் எண்கணிதரின் மேசையிலும் வைத்துவிட்டுத் திரும்புகின்றது. இதற்குச் சட்டம் தேவையில்லை, ஆணைக்குழு தேவையில்லை. பெயர்ப்பட்டியல் அச்சிட்டு வழங்குதலும் தேவையில்லை. குழந்தை ஐந்து வயதில் 'என் பெயருக்கு என்ன கருத்து?' எனக் கேட்கும். எல்லாக் குழந்தைகளும் கேட்கும் கேள்வி அது. அக்கேள்விக்கு முற்றத்துக்கு அழைத்துச் சென்று ஒரு செடியைச் சுட்டிக்காட்டக்கூடிய பெற்றோர் பேறுபெற்றோர். 'எண் சரியாக வந்தது' என விடை கூற வேண்டிய பெற்றோர் என் செய்வர்?

பல்கலைக்கழகத்துள் இக்கட்டுரையை வாசிக்கும் இளையோருட் பலர் இன்னும் சில ஆண்டுகளில் பெயர் சூட்டும் நிலையை அடைவர். தமிழின் வரலாற்றையும் இலக்கணத்தையும் கற்றுப் பட்டம் பெறுவோர் தம் முதற் குழந்தைக்குத் தொல்காப்பியம் விலக்கிய எழுத்தைத் தேடிச் செல்வாராயின், அக்கல்வி தேர்வுத்தாளோடு முடிந்தது எனவே கொள்ளல் வேண்டும். பாலையூற்றுக்குப் பெயரிட்டவர் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். மரத்தை மரமென்றும் ஊற்றை ஊற்றென்றும் கூறும் துணிவு ஒன்றே அவரிடம் இருந்தது. அந்த மரம் இன்று நிற்பினும் வீழினும், அவர் இட்ட பெயரைக் கேட்போர்க்கு நிழலும் நீரும் நினைவுக்கு வருகின்றன. அவர் பேரப்பிள்ளைகளின் பெயரைக் கேட்போர்க்கும் ஏதேனும் ஒன்று நினைவுக்கு வரட்டும்.